கீழ்ரோட்டு அன்ரனி

பலேர்மோவில் எங்கடை சனத்திடம் அன்ரனி என்று சொன்னால், எந்த அன்ரனி என்று கேட்பார்கள். கீழ்ரோட்டு அன்ரனி என்றால் போதும், சிரித்துக்கொண்டே வீட்டைக் காட்டுவார்கள்.

திண்டாரி மாதா திருநாளுக்கு வருசா வருசம் அவனுடைய வான் வண்டியில்தான் போவார்கள். மலையைக் குடைந்து போகிற மேல்ரோட்டுக்கு ரோல், அதுதான் ரோட்டுச் சுங்கம், கட்டவேண்டும். ஆனால் வெள்ளனவே போய்ச் சேர்ந்துவிடலாம். அன்ரனி அதில் ஏறமாட்டான். ரோல் வாசல் வருமுன்னமே கடற்கரைப் பக்கம் திருப்பி, ஊர் ஊராய்ப் புகுந்து, வளைந்து நெளிந்து உருட்டுவான். கேட்டால், "ரோல் அறாவிலை" என்பான்.

போன வருசம் போய் இறங்க, சுவாமியார் கடைசி ஆசீர் கொடுத்துக்கொண்டு நின்றார்.

கிளறாவுக்கு அது ஆறவேயில்லை. மகள் அமலினிக்குக் கனகாலம் பிள்ளையில்லை. பிள்ளை சுகமாய்ப் பிறந்தால் திருநாள் பூசையைத் தொடக்கம் முதல் முடிவுவரை முழங்காலில் நின்று காண்பேன் என்று நேர்ந்திருந்தாள். பேரனுக்குப் பல்லே முளைத்துவிட்டது. நேர்த்தி மட்டும் அப்படியே கிடக்கிறது.

அதனால் இந்த முறை வானில் ஏறுமுன்னமே சொல்லிவிட்டாள்.

"அன்ரனி, மேல்ரோட்டாலை போறம். ரோல் என்ரை பொறுப்பு."

அன்ரனி பிடரியைச் சொறிந்தான். முன்சீற்றில் இருந்த சுவாம்பிள்ளையைப் பார்த்தான். சுவாம்பிள்ளை கிளறாவின் புருசன். பகிடிக்காரன். ரோல் கட்டச் சொன்னால் அன்ரனிக்குப் பல்லுப் பிடுங்குவது மாதிரி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவரே அவர்தான்.

"ஏறடா அன்ரனி," என்றார் சுவாம்பிள்ளை. "மனிசி சொன்னால் நானே கேக்கிறன். நீ ஆர் கேளாமல் விட?"

வான் முழுக்கச் சிரித்தது.

ரோல் வாசலில் மெசின் துண்டுச்சீட்டை நீட்டியது. அன்ரனி எடுக்க, கிளறா பின்னாலிருந்து எட்டி வாங்கித் தன் செபப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். இறங்குகிற வாசலில் துண்டைக் காட்டாமல் வெளியே போகமுடியாதல்லவா. இவனை நம்பேலாது என்று பக்கத்திலிருந்த செலஸ்ரீனாவிடம் சொன்னாள்.

செலஸ்ரீனா செபமாலை தொடங்கினாள். செபலூ பட்டணம் தாண்டியதும் சுரங்கங்கள் வந்தன. ஒன்றுக்குள்ளால் போய்க் கொஞ்சம் கடலைப் பார்ப்பதற்குள் அடுத்தது. வான் பறந்தது. கிளறாவுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. சுவாம்பிள்ளையின் சத்தத்தையே காணோம். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு இருந்தார். ஏறினதும் நித்திரை, பெரிய மகாராசா என்று நினைத்தாள்.

ஒரு நீட்டுச் சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்ததும் அன்ரனி சிக்னலைப் போட்டான். முதலில் வந்த வாசலாலேயே வானை இறக்கினான்.

செபமாலை பாதியில் நின்றது.

"எங்கை இறங்கிறாய்?" என்றாள் கிளறா.

"மேல்ரோட்டுச் சரிவராதக்கா. ரோல் கனக்க வரும்."

"ரோல் நான் தாறன் எண்டு சொன்னனானெல்லோ."

"பெற்றோலும் கூடக் குடிக்கும்."

பின்னால் பெரிய புறுபுறுப்பு. இனியென்ன, பூசை முடிய இறங்கிக் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு வருவம் என்றாள் செலஸ்ரீனா. இந்தக் கஞ்சத்தனத்தை மாதாவே மன்னிக்கமாட்டா என்று இன்னொரு குரல். அன்ரனி ரோல் மெசினுக்குப் பக்கத்தில் வானை நிற்பாட்டி, துண்டைக் கேட்டான்.

கிளறா தரவில்லை. திருப்பி ஏறச் சொன்னாள்.

"அக்கா, பின்னாலை ஹோண் அடிக்கிறாங்கள். தாங்கோ."

ஆத்திரத்தோடு எழும்பி, இரண்டு சீற்றுக்கும் நடுவால் துண்டை அவனுடைய வலக்கைப் பக்கம் நீட்டினாள். அவன் வலக்கையை எடுக்கவில்லை. உடம்பை முறுக்கி இடக்கையால் வாங்கினான்.

என்ன சேட்டை இது என்று கிளறா குனிந்து பார்த்தாள்.

அன்ரனியின் வலக்கை கியரில் இருந்தது. அதன் மணிக்கட்டைச் சுவாம்பிள்ளை பிடித்திருந்தார். விரல்கள் வெளிறும்படி பிடித்திருந்தார். தொப்பிக்குக் கீழே வியர்வை ஓடி நாடியால் சொட்டிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுது அண்ணை," அன்ரனி வாய்க்குள்ளே சொன்னான். "வெளியாலை வந்திட்டம். இனி ஏறமாட்டன்."

கலியாணத்துக்கு முந்தி, மன்னாரில், செல் குண்டு விழுந்து பங்கர்க் குழி மூடி, இவரை மண்ணுக்குள்ளிருந்து கிண்டி எடுத்தார்கள். அந்தக் கதையையும் மனிசன் பகிடியாய்த்தான் சொல்லுவார். கிளறாவும் கேட்டுக் கேட்டுச் சிரித்திருக்கிறாள்.

தடை உயர்ந்தது. வான் மெல்ல உருண்டு சந்தியில் நின்றது. ஒரு பக்கம் திரும்ப மேல்ரோட்டுக்கு ஏறுகிற வழி, மற்றப்பக்கம் கடல். இப்ப ஏறினாலும் பூசை பிடிக்கலாம், கிளறாக்காவின்ரை நேர்த்தியைக் கெடுக்கிறான் பாவி என்று பின்னால் எல்லாரும் அன்ரனியைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டபடி இருந்தான்.

கிளறா செபப்புத்தகத்தை மூடினாள். தன் சீற்றில் போய் இருந்தாள். பின்சீற் வரைக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்:

"அன்ரனியை ஒருத்தரும் பேசவேண்டாம். நேர்த்தியைப் பற்றி நான் மாதாவோடை கதைக்கிறன். நீ கடற்கரையாலை விடு தம்பி, சுரங்கத்துக்கை எனக்கு மூச்சு முட்டுது."