பாம்புச் செவி

“உம்மடை மனிசிக்குப் பாம்புச் செவியப்பா, ஏர்னெஸ்ட்!” பதுங்குகுழிப் பங்கருக்குள் மூச்சு வாங்கியபடி சொன்னார் பக்கத்து வீட்டுக் கனகரத்தினம். “கிணத்தடியிலை ஷெல் விழுந்து தப்பின நாளிலையிருந்து, எங்களுக்குச் சத்தம் கேக்க முன்னம் அவ பங்கருக்குள்ளை. அவவைப் பாத்துத்தான் நாங்களே ஓடி வாறம்.”

ஏர்னெஸ்டுக்குப் பெருமை. மட்டக்களப்புக் கந்தோர் வேலையிலிருந்து கனகாலத்துக்குப் பிறகு லீவில் வந்திருந்தார். அவர் வாய் திறந்தால் போதும், மனைவி பியாட்றிஸ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வயதிலும் இப்படி ஒரு ஆசையா என்று மனிசன் பூரித்துப்போனார்.

ஒரே கவலை, றெக்கோட் பிளேயர். பகல் முழுக்க அதைச் சுழலவிட்டு, எதிரிலேயே இருந்து தைப்பாள். எங்கோ தூரத்தில் ஷெல் விழுந்தாலும் நிலம் அதிரும், பிளேயர் ஊசி துள்ளும். ஆசை ஆசையாய்ச் சேர்த்த இசைத்தட்டெல்லாம் கீறல்.

அவள் குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற நேரம் பார்த்து வேலையை முடித்தார். பெட்டிக்குக் கீழே பலகை, பலகைக்குக் கீழே பாதி காற்றடித்த சைக்கிள் ரியூப். வெளியே தெரியாமல் அவளுடைய லேஸ் விரிப்பால் மூடினார். பக்கத்தில் நின்று குதித்தும் பார்த்தார், ஊசி அசையவில்லை.

“பியாட்றிஸ், இனி ஆனை நடந்தாலும் துள்ளாது!”

குசினியிலிருந்து பதில் இல்லை.

அடுத்த நாள் மருதனார்மடம் சந்தையில் அவர் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருக்க, பலாலி ஆமிக் காம்ப் பக்கமிருந்து ஷெல்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கூவிக்கொண்டு வந்தன. சைக்கிளை உழக்கினார். ‘அவள் முதல் ஆளாய் இறங்கியிருப்பாள், அவளுக்கென்ன’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பங்கருக்குள் கனகரத்தினம் மட்டும் குந்தியிருந்தார்.

“எங்கை மனிசி?”

“இண்டைக்கு வரேல்லையே!”

ஐயோ, கர்த்தரே! வீட்டுக்குள் பாய்ந்தார். கதவுக்கு முதுகு காட்டி, பிளேயர் ஊசியைப் பார்த்தபடி தைத்துக்கொண்டிருந்தாள் பியாட்றிஸ்.

“எழும்பும்! ஓடும்!”

அவள் திரும்பவில்லை. தோளைப் பிடித்ததும் திடுக்கிட்டாள். இழுத்துக்கொண்டு பங்கருக்குள் விழவும், பின்னால் வீட்டுக் கூரை இடிந்து கொட்டவும் சரியாயிருந்தது.

“பாம்புச் செவியெண்டாங்களே! ஏனப்பா வரேல்லை?” பயமும் அழுகையுமாய்க் கத்தினார்.

அவள் அவருடைய வாயையே பார்த்தாள்.

“ஊசி துள்ளேல்லையேயப்பா... கிணத்தடி ஷெல்லோடை எனக்குக் காது போயிட்டுது.”