வாளியின் கைப்பிடி

இயந்திரக் கையின் கழுத்தில் யாரோ ஒரு சின்னக் காகிதக் கொடியை ஒட்டிவிட்டிருந்தார்கள். டெனிஷ்காரர் பிறந்தநாள் கேக்கில் குத்துகிற அதே சிவப்பு வெள்ளைக் கொடி.

அதற்கு, இவ்வளவு நாளும் அந்த வேலையைச் செய்தவளின் பெயரையே வைத்தாயிற்று. சுஜீதா.

கையை வரவேற்க வெட்டிய கேக்கை யூலியானா தொடவில்லை. இனிப்புக் கூடாது, சீனி வருத்தம் என்று சொல்லிவிட்டாள். அவளுக்குச் சீனி வருத்தம் இல்லை.

பிரெடெரிசியாவில் பெயின்ற் செய்கிற தொழிற்சாலை அது. மூடி போட்டு வருகிற வாளியை ஓடும் பட்டியிலிருந்து தூக்கி மேசையில் வைப்பது சுஜீதாவின் வேலை. மேசையிலிருந்து எடுத்து அடுக்குவது யூலியானாவின் வேலை. இன்று முதல் சுஜீதாவின் வேலையை இந்தக் கை செய்யும்.

கைக்கு வேலை பழக்கி, அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அவருக்கு மட்டும் வேலை நிச்சயம். மற்றவர்களின் வேலை பற்றி அடுத்த வருடம் பார்க்கலாம் என்று மேற்பார்வையாளன் ஹென்றிக் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான்.

அந்த ஒருவர் தான்தான் என்று யூலியானா நினைத்திருந்தாள்.

சுஜீதாவை இங்கே கூட்டி வந்ததே அவள்தான். டெனிஷ் தெரியாமல் நின்றவளுக்குப் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தவள். தன் வலது தோளில் ஒப்பரேசன் செய்துவிட்டு வந்தும் ஒருநாளும் முகம் சுளிக்காமல் வாளி தூக்கியவள். ஊரில் மடுமாதா கோயிலுக்கு வைத்த நேர்த்திக்கடனால் தோள் முழுதாகச் சுகமாகிவிட்டது என்று ஹென்றிக்கிடம்கூடச் சொல்லியிருக்கிறாள்.

ஆனால் இயந்திரத்துக்கு வேலை பழக்க அவர்கள் கேட்டது சுஜீதாவின் கையை.

சுஜீதா அந்த இரும்புக் கையைப் பிடித்து, குழந்தைக்கு அரிச்சுவடி எழுதிக் காட்டுவதுபோல, வாளியைத் தூக்கி வைத்துக் காட்டினாள். கை அப்படியே திருப்பிச் செய்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

யூலியானா மட்டும் கைதட்டவில்லை.

ஓகூஸ் நகரத்திலிருந்து வந்திருந்த பெண் பொறியியலாளர் நெற்றியைச் சுருக்கினாள்.

“வைத்த பிறகு வாளியைக் கொஞ்சம் திருப்புகிறீர்கள். நேரம் வீணாகிறது. அது தேவையா?”

“தேவை,” என்றாள் சுஜீதா.

“ஏன்?”

சுஜீதா ஹென்றிக்கைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். “பழக்கம்,” என்றாள்.

பொறியியலாளர் யூலியானாவின் பக்கம் திரும்பினாள். “வாளியை எடுப்பவர் நீங்கள்தானே. உங்களுக்கு அது தேவையா?”

ஒரு சொல் போதும். சுஜீதாவின் கையில் பிழை இருக்கிறது என்றால், வேறு கையைக் கேட்பார்கள்.

“இல்லை,” என்றாள் யூலியானா. “அவள் அதைச் சும்மா வடிவுக்கு, பார்வைக்காகச் செய்கிறவள்.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

பொறியியலாளர் திரையைத் தொட்டு, திருப்புவதை எடுத்துவிட்டாள். பட்டி ஓடத் தொடங்கியது. கை முதல் வாளியை மேசையில் வைத்தது.

யூலியானா வழக்கம்போல இடக்கையை நீட்டினாள். கைப்பிடி அங்கே இல்லை. வலப்பக்கம் சாய்ந்து கிடந்தது.

வலக்கையால் தூக்கினாள். தோளுக்குள் நெருப்பு வைத்ததுபோல் இருந்தது.

இரண்டாவது வாளியும் அப்படித்தான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தாள்.

மூன்றாவது வாளி மேசையில் இருந்தபோது, பக்கத்தில் நின்ற சுஜீதாவின் கை தன்பாட்டில் நீண்டது. கைப்பிடியை யூலியானாவின் இடக்கைப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு மடங்கிக்கொண்டது.

முகத்தில் விழுந்த மயிரை ஒதுக்குவதுபோல, நினைக்காமலே செய்த ஒரு அசைவு.

யூலியானா அந்த வாளியைத் தூக்கவில்லை. அதன் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நேர்த்தி பலித்துத்தான் இருந்தது. மாதா யாருடைய கையைக் கொண்டு அந்தத் தோளைக் காத்தார் என்பதைத்தான் அவள் இவ்வளவு நாளும் பார்க்கவில்லை.

“பட்டியை நிற்பாட்டுங்கள்,” என்றாள் டெனிஷில். ஹென்றிக்கின் காதில் விழும்படியாகவே சொன்னாள். “அந்தத் திருப்பம் வேண்டும். வடிவுக்கு இல்லை. என்ரை தோளுக்கு.”

‘என்ரை’ மட்டும் தமிழில் வந்துவிட்டது. அவள் தோளைத் தொட்டுக் காட்டினாள்.

ஹென்றிக் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளுடைய தோளைப் பார்த்தான். பொறியியலாளர் திரும்பவும் திரையைத் தொட்டாள்.

அடுத்த வாளியை வைத்த இரும்புக் கை, கழுத்துக் கொடி ஆட, அதை மெதுவாகத் திருப்பியது. கைப்பிடி யூலியானாவின் இடக்கைக்குள் வந்தது.

சுஜீதா காகிதத் தட்டில் கேக்குத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து அவளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“சாப்பிடுங்கோ அக்கா,” என்றாள் மெல்ல. “உங்களுக்குச் சீனி வருத்தமில்லையெண்டும் எனக்குத் தெரியும்.”