பித்தளை வில்லை

கதவைத் திறந்தவருடைய காக்கிக் கோட்டில் சர்க்கார் முத்திரை போட்ட பித்தளை வில்லை பளபளத்தது. அதைப் பார்த்ததுமே சில்வஸ்டருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"மன்னிச்சுக்கோணுங்கய்யா! பர்மிட் இல்லாம வந்துட்டனுங்க!" அவர் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

கோட்டுக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். அவனுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டியும் பார்த்தார். வெகுநேரம் யோசித்துவிட்டு, "பாப்போம்" என்றார்.

குந்தா மலைக்கு மேலே, எட்டாயிரம் அடி உயரத்தில், மீன் பிடிக்க வரும் வெள்ளைக்காரத் துரைமார் தங்கக் கட்டிய குடில் அது. பர்மிட் இல்லாமல் அங்கே யாரும் ராத்தங்கக் கூடாது. பிடிபட்டால் வேலை பார்க்கும் இடத்துக்கு ரிப்போர்ட் போகும், மறுநாளே சீட்டுக் கிழியும்.

சில்வஸ்டர் தேயிலை எஸ்டேட்டில் கிளார்க். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவையாவது உச்சியில் சூரிய உதயம் பார்த்துவிட வேண்டும் என்று லீவு போட்டுவிட்டு ஏறி வந்தவன். ஐவிக்கும் அவனுக்கும் மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை இரண்டு தடவை வாசித்தாயிற்று, மூன்றாவது வரும் ஞாயிற்றுக்கிழமை. வேலை போனால் ஐவியின் அப்பா எட்மண்ட் அந்த ஓலையோடு சேர்த்து அவனையும் கிழித்துப் போட்டுவிடுவார்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. திரும்பி இறங்க வழியில்லை. எப்பாடு பட்டாவது கோட்டுக்காரரைக் காக்கா பிடித்துவிடுவது என்று தீர்மானித்தான்.

"அய்யா, லாந்தர் ஏத்தட்டுங்களா?"

"ஏத்து. எங்க இருக்குதுன்னு தேடிப் பாரு." சொல்லிவிட்டு நகர்ந்தவர், இருட்டில் பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொண்டு "அம்மா!" என்றார்.

லாந்தர் இருக்கும் இடம்கூடத் தெரியாதவர் குடிலைக் காக்கும் சாதாரண வாட்சராக இருக்க முடியாது என்று சில்வஸ்டருக்குப் பட்டது. விளக்கேற்றவே நாலு ஆள் வைத்திருக்கும் காட்டிலாகாவின் பெரிய ரேஞ்சராகத்தான் இருக்கும். எஸ்டேட் துரைக்குத் தன் தொப்பி எங்கே மாட்டியிருக்கிறது என்றே தெரியாதே! கோட்டின் கைகள் விரல்களைத் தாண்டித் தொங்கியதையும் கவனித்தான். சர்க்கார் துணி, தாராளமாகத்தான் தைப்பார்கள்.

பயம் இரண்டு மடங்காயிற்று. ஐவி கொடுத்தனுப்பிய அவித்த முட்டை நாலும் கோட்டுக்காரர் வயிற்றுக்குள் போயின. நாலாவதை விழுங்கிவிட்டு, "உப்புக் கம்மி" என்று குறை வேறு சொன்னார்.

"கால் வலிக்குதுங்களாய்யா? தைலம் இருக்குதுங்க."

அவர் பூட்ஸோடு காலை நீட்டினார். சில்வஸ்டர் கயிற்றை அவிழ்க்கப் போனதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "பூட்ஸ் இருக்கட்டும், முழங்காலுக்குத் தேச்சாப் போதும்" என்றார். ஒரு சீசா நீலகிரித் தைலமும் தீரும்வரை தேய்த்தான்.

கடைசியில் கம்பளியையும் கொடுத்தான். அவர் அதைப் போர்த்திக்கொண்டு, கொக்கி உடைந்த பின்பக்க ஜன்னலுக்கு அடியில் பூட்ஸோடு படுத்தார்.

"அங்க காத்து அடிக்குமுங்களே. இப்படி அடுப்புப் பக்கம் வாங்கய்யா."

"வேண்டாம். இதுதான் தோது."

தூங்கும்போதும் டியூட்டியை மறக்காத மனுஷர்! சில்வஸ்டருக்கு அழுகையே வந்துவிட்டது. "ரிப்போர்ட் எழுத மாட்டீங்கல்லங்கய்யா?" என்று கெஞ்சினான்.

"பாப்போம்" என்று சொல்லிவிட்டு அவர் குறட்டை விட ஆரம்பித்தார்.

சில்வஸ்டர் ஒரு பழஞ்சாக்குக்குள் காலை நுழைத்துக்கொண்டு, பல் தந்தியடிக்க, விடிய விடிய ஜெபமாலை சொன்னான். பாதி ஐவிக்காக, மீதி கோட்டுக்காரர் மனசு இளகுவதற்காக.

விடியும்போது மழை விட்டிருந்தது. மஞ்சு விலகி, மலைவிளிம்பில் சூரியன் தலையை நீட்டும் நேரத்தில், கீழே பாதையில் தடி தட்டும் சத்தமும் இருமலும் கேட்டன. சில்வஸ்டர் முன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். காக்கிக் கால்சட்டையும் தலையில் கோணியுமாக ஒரு நெட்டைக் கிழவர் குடிலை நோக்கி ஏறி வந்துகொண்டிருந்தார்.

"அய்யா, உங்க ஆளு வர்றாருங்க! கதவைத் திறந்து விடட்டுங்களா?"

திரும்பிப் பார்த்தான். காக்கிக் கோட்டு சுவரில் ஒரு ஆணியில் ஆடிக்கொண்டிருந்தது. பின் ஜன்னலில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக உட்கார்ந்திருந்த கோட்டுக்காரர் அவனை நோக்கிக் கையை நீட்டினார்.

"சீக்கிரம் குதிங்க சார், எங்கிட்டயும் பர்மிட் இல்லீங்க!"