தங்கூசி முடிச்சு

"மகன்ட பிறந்த கார்ட் இண்டைக்காவது கொண்டு வந்தீங்களா அம்மா?" என்று கேட்டார் டொக்டர் அஸீமா.

"அதைக் கறையான் அரிச்சிட்டு டொக்டர்," என்றாள் றஜனி.

கார்ட் பெரியகல்லாற்று வீட்டு அலுமாரியில், சேலைகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

பத்து வயது ஜெனிஸ்டனின் எலும்பு மச்சையில் இரத்தம் ஊறுவது நின்று ஒரு வருடமாகிறது. ஏற்றுகிற இரத்தத்தில்தான் பிள்ளை நடமாடுகிறான். அக்கா டினுஷாவின் மச்சை அச்சொட்டாகப் பொருந்துகிறது என்று போன கிழமை முடிவு வந்த பிறகுதான் றஜனி ஒழுங்காக ஒரு வாய் சோறு தின்றாள்.

"மறைக்காம சொல்லுங்க. பிறக்கக்குள்ள இவன்ட கையில ஏதும் வித்தியாசம் இருந்ததா? விரல் கூடக் குறைய?"

"இல்ல டொக்டர்."

கதவிடுக்கு வழியே, ஆட்கள் காத்திருக்கும் வெளி வாங்கு தெரிந்தது. டினுஷா தம்பிக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடுத்த மாதம் கலியாணம். மாதா கோயிலில் இரண்டு கலியாண ஓலை வாசித்தாயிற்று. தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பாதர் கேட்ட இரண்டு ஞாயிறும் றஜனி தலையைக் குனிந்துகொண்டு செபமாலையை உருட்டினாள். விரல் ஊனம் உள்ள குடும்பம் என்று காதில் விழுந்தால் மாப்பிள்ளை வீட்டார் வந்த வழியே போய்விடுவார்கள். ஊர் வாயை உலைமூடியால் மூட முடியுமா?

"ஏன் கேக்கிறன் எண்டா, இது விரல் வித்தியாசத்தோட வாற பரம்பரை வருத்தமா இரிக்கலாம்," என்றார் டொக்டர். "அப்பிடியெண்டா மச்சை மாத்த முதல் குடுக்கிற மருந்த நல்லாக் குறைக்க வேணும். வழக்கமான அளவக் குடுத்தா அந்த மருந்தே பிள்ளையக் கொண்டிரும்."

றஜனி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இருந்தது டொக்டர். பெருவிரலோட ஒட்டிக் குட்டியா இன்னொரு விரல். ஆக்கள் அறியாம, இவன்ட அப்பாட தூண்டில் நூல், அந்தத் தங்கூசிய எடுத்து நான்தான் இறுக்கிக் கட்டினன். எட்டாம் நாள் கருகி விழுந்திட்டு."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"போன வருசமே சொல்லியிருக்கலாம். சரி, இப்பயாவது சொன்னீங்களே. நல்ல காலம், பொருந்துற அக்கா ஒராள் இரிக்கா."

டொக்டர் பேனையை எடுத்து எழுதத் தொடங்கினார்.

"அவவையும் ஒருக்காச் சோதிச்சுப் பாக்கத்தான் வேணும். இந்த வருத்தம் சிலருக்கு இருபது வயசு தாண்டியும் வெளிய தெரியாம இரிக்கும். அப்பிடி அவவுக்கும் இருந்தா அந்த மச்சையத் தொட ஏலாது, அவவுக்கே வைத்தியம் பாக்க வேண்டி வரும். ஆனா அவ நல்ல சுகமாத்தானே இரிக்கா?"

றஜனி கதவிடுக்கைப் பார்த்தாள். வெளியே டினுஷா பழச்சாறு வழிந்த கையை உதறிவிட்டுத் தம்பியைப் பார்த்துச் சிரித்தாள்.

"தங்கூசி கட்டினது ரெண்டு பிள்ளைக்கும், டொக்டர்."