தனியாகத் திறக்க வேண்டாம்

பின்தகட்டின் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: தனியாகத் திறக்க வேண்டாம்.

அதைப் படிக்க வேண்டுமானால் முதலில் தகட்டைக் கழற்ற வேண்டும்.

கழற்றியிருந்தான். தனியாக.

எழுதியவர் யாரோ பழைய மெக்கானிக். புத்திசாலி. கொஞ்சம் தாமதமான புத்திசாலி.

நாற்பது நாளாக ஆம்ப் கூடத்தின் நடுவில் முதுகைத் திறந்துபோட்டுக் கிடந்தது. அவனுடைய பேஸ் கிடாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப். உள்ளே பழைய ரேடியோவில் இருப்பதுபோல் கண்ணாடி வால்வு. அவனைவிட நான்கு வயது மூத்தது. ஒரு மாலை திடீரென்று உறுமத் தொடங்கி, பிறகு அடங்கிவிட்டது. கோளாறு இன்னதென்று தெரியும். மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கண்டென்சர் ஒன்று உப்பியிருந்தது. புதியது வாங்கி வைத்தாயிற்று. பற்றவைக்கவும் தெரியும். பத்து நிமிட வேலை.

ஆள்தான் இல்லை.

இந்த மாதிரி ஆம்ப், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தை வைத்துக்கொண்டிருக்கும். சில பேர் கோபத்தை வைத்துக்கொண்டிருப்பதுபோல. அதை வடித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கண்டென்சரை மாற்றியதும், திறந்தபடியே கரண்ட் கொடுத்து அளந்து பார்க்க வேண்டும். நானூறு வோல்ட். பிடித்தால் விடாது. பக்கத்தில் ஒருவர் இருந்து மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும்.

ஒருவர்.

அலைபேசியில் எண்ணூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். மேலிருந்து கீழே ஒருமுறை தள்ளிப் பார்த்தான். வெளியூர் போனவர்கள். ஒரேயடியாகப் போனவர்கள். அவன் பெயரைச் சொன்னால் யாரென்று கேட்கக்கூடியவர்கள். கேஸ் ஏஜென்சி. இன்னொரு கேஸ் ஏஜென்சி.

பாட்டில் பேஸ் இருப்பது தெரியாது, இல்லாவிட்டால்தான் தெரியும். மெல்லிசைக் குழுவில் முப்பது வருடமாக எல்லோரிடமும் இதைத்தான் சொல்லிவந்தான். ஆம்ப் படுத்த பிறகு மூன்று கச்சேரிக்குப் போகவில்லை.

இல்லாததும் யாருக்கும் தெரியவில்லை.

அவன் வாசிப்பதைக் காதுகொடுத்துக் கேட்டவர் உலகத்தில் ஒருவர்தான். கீழ் வீட்டு சுகுணவதி அம்மாள். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் தனிக்கட்டை. மாலை ஆறு மணிக்கு அவன் வாசிக்கத் தொடங்கினால் கீழே அவருடைய எவர்சில்வர் டம்ளர்கள் ஆடுமாம். ஒட்டடைக் கம்பால் சீலிங்கில் இடிப்பார்.

டொக். டொக். டொக்.

அவன் சத்தத்தைக் குறைப்பான். பதினோரு வருட ஏற்பாடு. நேரில் இரண்டு முறை பேசியிருப்பார்கள். இரண்டும் தண்ணீர் மோட்டார் விஷயம்.

இன்று தனியாகவே செய்துவிடுவது என்று உட்கார்ந்தான்.

மெக்கானிக்குகள் செய்வதுபோல் இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். ஒரு கை மட்டும் உள்ளே போனால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகாது என்பார்கள்.

பெரும்பாலும்.

வலக்கையில் மின்சாரத்தை வடிக்கும் ஒயர். மூக்குக் கண்ணாடி இறங்கிக்கொண்டே இருந்தது. விழுந்து கிடந்தால் முதலில் யாருக்குத் தெரியும் என்று யோசித்தான். வாசலில் மூன்று பால் பாக்கெட் சேர்ந்தால் செக்யூரிட்டி கவனிக்கலாம். நான்கு என்று வைத்துக்கொள்வது நல்லது. செக்யூரிட்டி கொஞ்சம் நிதானமான ஆள்.

மணி ஆறு ஐந்து.

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

டொக். டொக். டொக்.

ஒயரைக் கீழே வைத்தான்.

கிடாரைப் பார்த்தான். அது உறைக்குள் இருந்தது. காலால் எதையாவது தட்டிவிட்டானா? இல்லை. மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டுக்கொண்டிருந்தான்.

கொஞ்சம் பொறுத்து மறுபடியும் வந்தது. இந்த முறை மெதுவாக.

டொக். டொக். டொக்.

கீழே இறங்கிப் போனான். கதவைத் திறந்த சுகுணவதி அம்மாளின் கையில் கம்பு இருந்தது. அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். "டம்ளர் ஆடி நாப்பது நாளாச்சு" என்றார்.

அவன் தன் விஷயத்தைச் சொன்னான். பத்து நிமிடம் மேலே வந்து சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கரண்ட் பிடித்தால் அவனைக் கையால் தொடக்கூடாது. மெயினை அணைக்க வேண்டும். அது முடியாவிட்டால், காய்ந்த கம்பால் ஓங்கி ஒரு அடி.

அவர் தன் கையிலிருந்த கம்பைப் பார்த்தார். மூங்கில். நன்றாகக் காய்ந்தது.

"இதுக்குத்தான் தம்பி பதினோரு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்."

செருப்பை மாட்டிக்கொண்டார்.

மேலே, பிளாஸ்டிக் நாற்காலியில், கம்பை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு, அவன் கையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவன் மின்சாரத்தை வடித்தான். பழையதை எடுத்துப் புதியதைப் பற்றவைத்தான். இந்த முறை கண்ணாடி இறங்கவில்லை. கரண்ட் கொடுத்ததும் வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. மீட்டர் நானூறு காட்டியது. உறுமல் இல்லை.

பிளக்கைப் பிடுங்கினான். மிச்சத்தையும் வடித்தான்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அடிக்கவும் வேண்டியிருக்கவில்லை.

"ஆச்சா?" என்றார் அவர்.

அவன் திரும்பவில்லை. ஒரு குறையும் இல்லாத ஒரு திருகைத் தேடி, மெல்லக் கழற்ற ஆரம்பித்தான்.

"இன்னும் ஒண்ணு இருக்கு."

பின்னால், கம்பைச் சுவரில் சாய்த்து வைக்கும் சத்தம் கேட்டது.

நாற்காலி நகரவில்லை.