மனம் திறக்கும் பெட்டி

கடை திறந்த பிறகே மந்தைவெளியிலிருந்து ஆடி அசைந்து வருகிற ஃப்ளோர் மேனேஜர் ஸ்ரீரங்கன், அந்த வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே தி.நகர் கடை வாசலில் நின்றார். தோளில் பெரிய துணிப்பை, காலி. நெற்றியில் வியர்வை.

ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. குனிந்து நுழைந்தவர்மேல், குப்பை மூட்டையோடு வெளியே வந்த முத்தம்மா மோதப் பார்த்தாள்.

"இன்னா சார், சூரியன் மேக்கால மொளச்சிடுச்சா? இத்தினி சீக்கிரமா வந்துகீறே?"

"வேலை இருக்கு. நீ உன் வேலையைப் பாரு."

வேலை இருக்கத்தான் இருந்தது. அந்த வேலையின் பெயர் பெட்டி.

நல்லசிவம் ஜவுளி மாளிகையில் ஒரு வழக்கம். நாலாவது மாடியில் உட்காரும் முதலாளி நல்லசிவம் அண்ணாச்சி கீழே இறங்க மாட்டார். கீழே நிற்கும் ஊழியர்கள் அந்த மாடிக்கு ஏறக் கூடாது. நடுவில் ஏறி இறங்குகிறவர் ஸ்ரீரங்கன் ஒருவர்தான். மேலே போனால், "எல்லாரும் சந்தோஷமா இருக்கா, அண்ணாச்சி." கீழே வந்தால், "கேட்டுப் பார்த்துட்டேன், முதலாளி முடியாதுன்னுட்டார்." கேட்டால்தானே! வருஷக்கணக்காக இந்த இரண்டே வசனத்தில் மனுஷர் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அதில் மண்ணைப் போட்டவன் முதலாளி மகன் ராகேஷ். நிர்வாகப் படிப்பு முடித்து வந்த சூட்டோடு, தரைத்தளத் தூணில் ஒரு தகரப் பெட்டியை மாட்டி, 'மனம் திறந்து எழுதுங்கள், பெயர் வேண்டாம்' என்று ஒட்டிவிட்டான். எழுதுகிறவர்கள் பயப்படக் கூடாதென்று அந்தப் பக்கத்துக் கேமராவைக்கூடச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தான். வெள்ளிக்கிழமை, கடை திறக்குமுன், எல்லார் முன்னாலும் அப்பா கையால் திறப்பு விழா.

பெட்டி திறந்தால் ஸ்ரீரங்கனின் வேலை போச்சு. இந்த வயதில் வேறு எந்தக் கடை சேர்த்துக்கொள்ளும்?

அதற்குத்தான் துணிப்பை. ஊழியர்கள் வெளியே போகும்போது டிபன் பாக்ஸ் மூடி வரை திறந்து பார்க்க வேண்டும் என்று சட்டம் போட்டவரே அவர்தான். அவருடைய பையை மட்டும் எவனும் தொட மாட்டான்.

ஓசைப்படாமல் தூணை நோக்கி நடந்தார்.

ஒன்பதரைக்கு எல்லாரும் கூடியபோது தூணில் பெட்டி இல்லை.

பேச்செல்லாம் கண்ணாலேயே நடந்தது. கண்ணெல்லாம் ஸ்ரீரங்கன் மேலேயே இருந்தது.

"வெளியே போற பை எல்லாத்தையும் செக் பண்றோம்ப்பா," என்றான் ராகேஷ். "செக் பண்ணாதது ஒரே ஒரு பைதான்."

அதிசயமாகக் கீழே இறங்கி வந்திருந்த அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார். "ஒவ்வொருத்தரா மேல அனுப்புலே. என்ன எழுதிப் போட்டாங்கன்னு கேப்போம். யாருக்கு உறுத்துச்சுன்னு தன்னால தெரிஞ்சிரும். வே ஸ்ரீரங்கன், நீரும் வந்து பக்கத்துல நில்லும்."

முதலில் சேலைப் பிரிவு பொன்மணி. மேலே வந்தே பழக்கமில்லாததால் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா எழுதிப் போட்டே?"

"உக்கார ஸ்டூல் கேட்டிருந்தேன் முதலாளி. நாளெல்லாம் நின்னு காலு மரத்துப் போவுது. நீங்க முடியாதுன்னுட்டீங்களாமே?"

"நானா? ஸ்டூல் வாங்கி கோடவுன்ல போட்டு எம்புட்டு நாளாச்சு! உங்களுக்குத்தான் உக்காரப் பிடிக்கலைன்னாரே?"

இருவரும் ஸ்ரீரங்கனைப் பார்த்தார்கள். ஸ்ரீரங்கன் ஏ.சி.யைப் பார்த்தார்.

அடுத்து வந்தவர்கள் சுற்றாத மின்விசிறியைச் சொன்னார்கள். வாரமெல்லாம் வருகிற அதே புளிச்சோற்றைச் சொன்னார்கள். எல்லாரும் ஒன்றுபோல, "நீங்க முடியாதுன்னுட்டீங்களாமே?" என்றுதான் முடித்தார்கள். எழுதியது என்னவோ இரண்டு வரிதான். வாய் திறந்ததும் மடை உடைந்துவிட்டது.

கடைசியாக முத்தம்மா, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க.

"நீ என்னம்மா எழுதினே?"

"சொல்றேன், நல்லா கேட்டுக்கோ நைனா. பக்கெட்டத் தூக்கிகினு மூணு மாடி படியேறி எறங்கறேன். லிப்டுல நான் ஏறக் கூடாதுன்னு நீதான் சொன்னியாமே? என் முட்டி உனுக்கு இன்னா துரோகம் பண்ணுச்சு? தோ, சாரு இன்னிக்கி எட்டு மணிக்கே பையோட வந்தாரு. அவுரு மட்டும் ஜம்முனு லிப்டுலதானே போறாரு?"

அண்ணாச்சிக்குக் கோபம் பாதி, சிரிப்பு பாதி.

"பெட்டி போனா மயிராச்சு. இனிமே வெள்ளிக்கிழமைதோறும் எல்லாரும் மேல வந்து எங்கிட்ட வாயால சொல்லுங்க. முத்தம்மா, நீ இன்னையிலேருந்து லிஃப்டுல போ. வே ஸ்ரீரங்கன்..."

"சத்தியமா பெட்டியை நான் எடுக்கலை அண்ணாச்சி!"

"எடுக்காதவரு எட்டு மணிக்கு எதுக்குவே வந்தீரு? வயசுக்கு மரியாதை குடுத்து வேலையில வச்சிருக்கேன். ஆனா அந்த ஸ்டூல் பூராத்தையும் நீரே மாடி மாடியா சுமந்து போடணும். படி வழியா."

மத்தியானம், இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஸ்டூலும் கையுமாக ஸ்ரீரங்கன் இரைத்துக்கொண்டிருந்தபோது எதிரே லிஃப்ட் திறந்தது. உள்ளே முத்தம்மா, பக்கெட்டோடு, பட்டத்து ராணி மாதிரி.

"பாத்து ஏறு சார். முட்டி தேஞ்சிடும்."

கதவு மூடிக்கொண்டது.

பாவம், அபூர்வமாக ஓர் உண்மையைச் சொன்னார் மனுஷர். அதைத்தான் ஒருவரும் நம்பவில்லை. எடுக்கத்தான் வந்தார், வாஸ்தவம். ஆனால் காலையில் அவர் போய்ப் பார்த்தபோது தூணில் இரண்டு ஆணிகள்தான் இருந்தன.

கண்ணகி நகரில் முத்தம்மா வீட்டுத் துவரம்பருப்பு இப்போது ஒரு தகரப் பெட்டியில் இருக்கிறது, ஏது இது என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரியிடம், "எழுதத் தெரிஞ்சவங்கோ எழுதிப் போட்டாங்கோ, எனுக்குத் தெரிஞ்சது குப்ப வார்றதுதான், பொட்டி இல்லாங்காட்டி மொதலாளி வாயாலதானே கேட்டாவணும்னு, அத்தையும் சேத்து வாரிகினு வந்துட்டேன்," என்றாள்.