மூன்றாவது ட்வீட்டர்

சலங்கை கேட்கவில்லை.

உடையப்பன் சிடியை நிறுத்தி, பாட்டை மறுபடியும் முதலிலிருந்து போட்டார். இரண்டாவது சரணம் முழுக்க ஒரு சலங்கை பாடகியின் பின்னாலேயே வரும். இருபது வருடமாக அவருக்கு மனப்பாடமான சலங்கை.

வயலின் வந்தது. தபேலா வந்தது. பாடகி வந்தாள். அவள் பின்னால் யாரும் வரவில்லை.

சலங்கை மாதிரி சன்னமான சத்தத்தைக் கொடுக்கும் குட்டி ஸ்பீக்கரான இந்த ட்வீட்டரும் போய்விட்டது என்று முடிவு கட்டினார்.

இது மூன்றாவது. ஷார்ஜா தொழில்பேட்டையில், நொறுங்கிய கார்களைப் பிரித்து விற்கும் கடைகளில் வெள்ளிக்கிழமைதோறும் அலைந்து, கதவு கதவாகக் குனிந்து பார்த்துக் கழற்றி வந்தது. மற்ற இரண்டும் இதே சரணத்தில்தான் காலை வாரின.

மணி மூன்றரை. ஐந்து மணிக்கு ஊருக்குச் சாமான் ஏற்றும் கார்கோ வண்டி தொழிலாளர் கேம்ப் வாசலுக்கு வந்துவிடும். அதற்குள் இந்தப் பாட்டு செட்டை அட்டைப்பெட்டியில் கட்டியாக வேண்டும்.

அடுத்த வாரம் அவரும் கிளம்புகிறார், ஒரேயடியாக. இரும்புப் பட்டறையில் எட்டு வருடம் கிரைண்டர் பிடித்தது போதும் என்று விசாவைக் கேன்சல் பண்ண எழுதிக் கொடுத்தாயிற்று. தேவகோட்டையில் சவுண்ட் சர்வீஸ் கடை போடப் போகிறார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே மச்சினன் இடம் பார்த்துவிட்டான். இந்த செட்தான் கடை வாசலில் பாடப் போகிறது. போகிறவன் நின்று கேட்க வேண்டும். ஒரு சலங்கையைக்கூடச் சரியாகக் கொடுக்கத் தெரியாதவனை நம்பி எவன் கல்யாணத்துக்கு மைக் செட் சொல்லுவான்?

சன்னமான சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிள் குமிழைத் திருகினார். அது ஏற்கெனவே கடைசியில்தான் இருந்தது.

எழுந்தார். இரண்டு கட்டில்களுக்கு நடுவில் நடந்தார். மறுபடி உட்கார்ந்தார். ஊற்றிவைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது.

கூடத் தங்கியிருக்கும் ஹபீப் முகம்மது அறையில் இல்லை. ஜும்மா தொழப் போனவன் இன்னும் திரும்பவில்லை. இந்த செட் பாடினால் பல் கூசுகிறது என்று போன வாரம் சொன்னான். ரசனை கெட்ட ஜென்மம் என்று உடையப்பன் அவனை மன்னித்து விட்டிருந்தார்.

போனிலும் இதே தொல்லைதான். இப்போதெல்லாம் ஊரிலிருந்து மனைவி ராதிகா பேசினால், வாயில் கொழுக்கட்டையை அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் இருக்கிறது. அந்தப் போனையும் இரண்டு தடவை பிரித்துப் பார்த்துவிட்டார். இந்தக் காலத்தில் எந்தச் சாமானும் ஒழுங்காக வருவதில்லை.

கோளாறைப் பிடிக்க ஒரு வழி உண்டு. சந்தேகப்படுவதைக் கழற்றிவிட வேண்டும். கழற்றிய பிறகும் சத்தம் மாறவில்லை என்றால், அது வேலையே செய்யவில்லை என்று அர்த்தம்.

பாட்டைத் திரும்பப் போட்டார். இரண்டாவது சரணம் வந்ததும், ஸ்பீக்கர் பெட்டியின் தலையில் உட்கார்ந்திருந்த ட்வீட்டரின் ஒயரைப் பிடுங்கினார்.

சத்தம் மாறவில்லை. தான் நினைத்தது சரிதான் என்று அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மேல் கட்டிலில் கார்மேகம் கண்ணை மூடிப் படுத்திருந்தான். அவரோடு அதே பட்டறையில் கிரைண்டர் பிடிப்பவன். வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. கட்டிலுக்கு வெளியே நீண்டிருந்த அவனுடைய கால் கட்டைவிரல் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

"அண்ணே, சலங்கைய ஏண்ணே நிப்பாட்டிட்டீங்க? நல்லா வந்துக்கிட்டு இருந்துச்சுல்ல."

கேலி செய்கிறான் என்று நினைத்தார். ஒயரைச் சேர்த்தார்.

கட்டைவிரல் ஆடியது.

பிடுங்கினார். நின்றது.

கார்மேகத்தின் கண்கள் மூடியேதான் இருந்தன. உடையப்பன் சரணத்தைப் பின்னால் தள்ளி மூன்று முறை செய்து பார்த்தார். மூன்று முறையும் அந்த விரல் அவரைவிடச் சரியாக இருந்தது. அவர் காதுக்கு மட்டும் ஒரே பாட்டு, ஒரே மாதிரி, ஓடிக்கொண்டிருந்தது.

பயம் வந்தது.

பெட்டிக்குள் ஏதாவது ஒயர் பட்டும் படாமலும் இருக்கும். இருக்க வேண்டும். இத்தனை வருடத்தில் அவர் கண்டுபிடிக்காத கோளாறு எது? ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பெட்டியின் பின்பலகையைக் கழற்றினார். ஆறு திருகாணிகள். கடைசி ஒன்று கைநழுவிக் கட்டிலுக்கு அடியில் ஓடியது. அதைத் தேடாமல் பலகையை இழுத்தார்.

உள்ளே அடைத்திருந்தது பொலபொலவென்று தரையில் கொட்டியது.

ஸ்பீக்கர் பெட்டி அதிராமலிருக்க உள்ளே மெத்தென்று எதையாவது திணிக்க வேண்டும். அதற்காகவே எட்டு வருடமாக அவர் சேர்த்து வைத்தது. விரல் நுனி அளவில், ஆரஞ்சு நிற நுரைத் துண்டுகள். நூற்றுக்கணக்கில். கிரைண்டர் பிடிக்கிறவர்கள் இரைச்சல் உள்ளே போகாமல் காதில் செருகிக்கொள்ள, வாரம் ஒரு ஜோடி என்று கம்பெனி கொடுத்தவை. இவ்வளவு நல்ல சரக்கைக் காதில் வைத்து வீணாக்க அவருக்கு மனசு வரவில்லை.

கார்மேகம் கீழே இறங்கி ஒன்றை எடுத்துப் பார்த்தான். கொடியில் தொங்கிய சட்டைப் பையில் அவனுடைய ஜோடி, இரும்புத்தூள் ஏறிக் கறுத்துக் கிடந்தது. இது அழுக்கே படாமல் இருந்தது. அவன் தரையைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்து மெதுவாக ஏதோ கேட்டான்.

உடையப்பனுக்குச் சரியாக விழவில்லை. "என்னடா?" என்று கேட்க வாயெடுத்தவர், கேட்கவில்லை.